பேர் சொல்லும் பிள்ளை: கேள்வி–பதில்

● என் மகனுக்கு ‘ஷ்’ என்று முடிகிற, வேறு யாருமே வைக்காத பெயர் ஒன்று சொல்லுங்களேன்?
– புது அப்பா, தாம்பரம்

இதே விண்ணப்பத்தோடுதான் உங்கள் தெருவில் எல்லா அப்பாக்களும் அலைகிறார்கள். விளைவு, எல்.கே.ஜி. மிஸ் ‘ஷ்’ என்று அதட்டினால் பாதி வகுப்பு அடங்குகிறது. மீதி ‘எஸ் மிஸ்’ என்று எழுந்து நிற்கிறது. நிஜமாகவே யாரும் வைக்காத பெயர் வேண்டுமானால் முருகேசன் என்று வையுங்கள். வகுப்பில் அவன் ஒருவன்தான் இருப்பான்.

● தாத்தா பெயர் குப்புசாமி, பாட்டி பெயர் பிச்சையம்மாள். பெற்ற பிள்ளைக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்?
– வெட்கப்படும் பேரன், சேலம்

வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு தாயின் பயம் இருக்கிறது. பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன வீட்டில் இன்னொன்று பிறந்தால், குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து ‘குப்பன்’, ‘குப்பம்மாள்’ என்பார்கள். சிலர் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தவிட்டை அளந்து போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எமன் எட்டிப் பார்த்தால், ‘தவிட்டுக்கு வாங்கினதுதானே’ என்று விட்டுவிட்டுப் போக வேண்டும்!

மங்கோலியாவிலும் இதே தந்திரம்தான். அங்கே ‘நெர்குய்’ என்றால் பெயரில்லாதவன். ‘எனெபிஷ்’ என்றால் ‘இது இல்லை’. ‘ஹுன்பிஷ்’ என்றால் ‘மனுஷனே இல்லை’. தேடி வருகிற கெட்ட ஆவி விலாசம் தெரியாமல் திரும்பிவிடுமாம். பிள்ளைச் சாவு குறைந்த பிறகுதான் அழகு பார்த்துப் பெயர் வைக்கும் தைரியம் நமக்கு வந்தது.

● பெயரின் அர்த்தம் பிள்ளையின் குணத்தை மாற்றுமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

புத்தரின் மகன் பெயர் ராகுலன். பௌத்த மரபு அதற்குச் சொல்லும் பொருள் ‘தளை’. கட்டிப்போட வேண்டிய அந்தப் பிள்ளை, அப்பாவின் பின்னாலேயே துறவியாகப் போய்விட்டது. மண்டேலாவுக்கு அவர் அப்பா வைத்த பெயர் ரோலிஹ்லாஹ்லா. கோசா மொழியில் ‘மரக்கிளையை இழுப்பவன்’, பேச்சுவழக்கில் ‘வம்புக்காரன்’. பள்ளியில் சேர்ந்த முதல் நாள் டீச்சர் சூட்டியதுதான் ‘நெல்சன்’. ஆனால் வெள்ளையர் அரசுக்கு அவர் கொடுத்த தலைவலியைப் பார்த்தால், அப்பா வைத்த பெயர்தான் பலித்திருக்கிறது. ஆக, ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் சமன்.

● மகள் வெள்ளிக்கிழமை பிறந்தாள். லட்சுமி என்றுதான் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார்...
– இளம் தாய், விருதுநகர்

கானா நாட்டில் மாமியாருக்கு இந்த வேலையே இல்லை. அக்கான் மக்களிடையே பிறந்த கிழமையே ஒரு பெயரைக் கொடுத்துவிடும். வெள்ளிக்கிழமை என்றால் பையன் கோஃபி, பெண் எஃபுவா. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்த 8.4.1938 வெள்ளிக்கிழமைதான். பாலித் தீவில் கிழமைகூட வேண்டாம், வரிசை போதும்: வாயான், மாடே, ஞோமான், கெதுட். ஐந்தாவது பிறந்தால்? மறுபடியும் வாயான்! லட்சுமி நல்ல பெயர், வைத்துவிடுங்கள். மாமியாரோடு மோதுவதற்குப் பெரிய விஷயங்கள் பின்னால் வரும்.

● ‘வனெசா’ என்றால் பட்டாம்பூச்சி என்று அர்த்தமாமே?
– கல்லூரி மாணவி, கோவை

தலைகீழ். எஸ்தர் வானம்ரி என்ற தோழிக்காக எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் கட்டிய பெயர் அது. குடும்பப் பெயரிலிருந்து ‘வான்’, எஸ்தரின் செல்லப் பெயரிலிருந்து ‘எஸா’. அந்தப் பெயர் வரும் கவிதை 1726-ல் அச்சானது. பட்டாம்பூச்சி இனம் ஒன்றுக்கு அதே பெயரை 1807-ல்தான் சூட்டினார்கள். பெயர்ப் புத்தகம் சொல்கிற அர்த்தத்தையெல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

● வெளிநாட்டு ஆபீஸில் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். என்ன செய்ய?
– இனிஷியல் இழந்தவன், டொரான்டோ

ஐஸ்லாந்துக்கு மாற்றல் கேளுங்கள். அங்கே பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா அல்லது அம்மா பெயரோடு மகனுக்குச் ‘சன்’, மகளுக்குத் ‘தோத்திர்’ சேர்ப்பதோடு சரி. டெலிபோன் டைரக்டரிகூடச் சொந்தப் பெயர் வரிசையில்தான். எத்தியோப்பியர்களுக்கு நம் கதைதான். ஓட்டப்பந்தய வீரர் ஹைலே கெப்ரசெலாசியை உலகப் பத்திரிகைகள் ‘கெப்ரசெலாசி’ என்றே எழுதின. ஓடி ஜெயித்தவர் ஹைலே. தலைப்புச் செய்தியில் வந்தவர் அவர் அப்பா.

● வெள்ளைக்காரப் புனிதர்கள் சின்னப்பர், அருளப்பர் ஆனது எப்படி?
– வாசகர், வேளாங்கண்ணி

முதலில், அவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை; மேற்கு ஆசியாக்காரர்கள். அந்தக் காலத்து மிஷனரிகள் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்தார்கள். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், அவர் சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் ‘கடவுள் அருள்கூர்ந்தார்’, அவர் அருளப்பர். அந்திரேயா கிரேக்கத்தில் ஆண்மையும் வீரமும், அவர் பெலவேந்திரர்.

● என்ன பெயர் வைத்தாலும் அரசாங்கம் ஏற்றுக்கொள்ளுமா?
– வக்கீல், திருநெல்வேலி

நம் ஊரில் ஏறக்குறைய எதுவும் செல்லும். பிரான்ஸில் 1803-ல் ஒரு சட்டம் போட்டு, புனிதர் நாட்காட்டியிலும் பழைய சரித்திரத்திலும் உள்ள பெயர்கள்தான் என்றார்கள். முழுதாகத் தளர்த்த 1993 ஆனது. அதே 1993-ல் டோக்கியோ அருகே அகிஷிமா நகரில் ஒரு தம்பதி மகனுக்கு ‘அகுமா’, அதாவது சாத்தான், என்று வைக்கப் போக, நகராட்சி மறுத்தது. குடும்ப நீதிமன்றம் வரை போன பிறகு பெற்றோரே இறங்கி வந்தார்கள். பத்து மாதத் தூக்கமின்மையில் நம் வீடுகளிலும் அந்தப் பெயர் தோன்றுவதுண்டு. எழுதிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

● குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல். பெயரை மாற்றச் சொல்கிறார் ஜோசியர்.
– கவலையில் அப்பா, ஓசூர்

ஜாவாவில் குஸ்னோ என்றொரு நோஞ்சான் பையன். நோய் தீரட்டும் என்று மகாபாரதக் கர்ணன் பெயரைச் சூட்டினார் அப்பா. ‘சு’ சேர்த்து, சுகர்ணோ. இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி அவர்தான். பெயரை மாற்றுங்கள், தப்பில்லை. தடுப்பூசி அட்டவணையை மட்டும் மாற்றாதீர்கள்.

● இன்னும் பெயர் முடிவாகவில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு அவசரமா?
– குழம்பிய குடும்பம், நாகர்கோவில்

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயர் இல்லாமலும் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். நடுவில், தேர்ந்தெடுத்த பெயரை வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். நாள் முழுக்கக் கூப்பிட வேண்டியது நீங்கள்தான். கையெழுத்துப் போடும் முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். சான்றிதழில் ஏறிவிட்ட எழுத்துப்பிழையைத் திருத்த அலைகிற அலைச்சலுக்கு எந்த மொழியிலும் நல்ல அர்த்தம் கிடையாது.