சப் 12: சைக்கிள்காரரின் இலக்கு நேரம் குறித்து ஓர் ஆய்வு

இலக்கு நேரம் என்பது, ஒருவர் இதுவரை கடந்திராத தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடப்பார் என்று அவரே முன்கூட்டி அறிவிக்கும் எண். நெடுந்தூர டிரையத்லானில் அந்தத் தூரம் மூன்று துண்டுகளாக வரும்: நீச்சல் 3.8 கி.மீ., சைக்கிள் 180 கி.மீ., அதன்பின் 42.2 கி.மீ. முழு மாரத்தான். உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். அயர்ன்மேன் என்ற பெயரில் நடக்கும் பந்தயங்களில் பொதுவாக 17 மணி நேரம் வரை அனுமதி உண்டு. நீச்சலிலிருந்தும் ஓட்டத்திலிருந்தும் வருபவர்கள் இந்த 17-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு அடக்கமாகப் பேசுவார்கள். சைக்கிளிலிருந்து வருபவர் எடுத்த எடுப்பில் 12 என்பார், அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்குள். அவர்கள் வழக்கில் இது ‘சப் 12’. இலக்கு எப்போதும் முழு எண்ணாகவே பிறக்கும். பன்னிரண்டு மணி இருபத்தேழு நிமிடம் என்று யாரும் சபதம் செய்வதில்லை.

இந்தப் போட்டியின் தோற்றத்திலேயே சைக்கிள்காரரின் பெருமிதம் கலந்திருக்கிறது. 1977-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் ஒரு தொடரோட்டத்தின் பரிசளிப்பு விழா. உடல் திறத்தில் விஞ்சியவர் ஓட்டக்காரரா நீச்சல்காரரா என்று அங்கே வாக்குவாதம் மூண்டது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், இருவரையும்விட பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் உடல்தான் அதிக ஆக்சிஜனை உள்வாங்குவதாகத் தாம் படித்ததை எடுத்துவைத்தார். வழக்கைத் தீர்க்க அவரும் மனைவி ஜூடியும் தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார்கள்: வைக்கிக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பயணம், ஹொனலூலு மாரத்தான். சைக்கிள் பயணம் அதுவரை 115 மைல், இரண்டு நாளில் முடிப்பது. மூன்று மைலைக் குறைத்தால் மாரத்தான் தொடங்கும் இடத்துக்கே வந்துவிடலாம் என்பதால் 112 மைல் ஆயிற்று. இன்று உலகெங்கும் சைக்கிள்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் 180 கி.மீ. இப்படி ஓட்டக்காரர்களின் வசதிக்காக வெட்டப்பட்ட தூரம்.

1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலரின் நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. ஆக, இன்று ஒரு மென்பொருள் ஊழியர் காப்பிக் கடையில் நின்றபடி அறிவிக்கும் சப் 12, உலகின் முதல் அயர்ன்மேன் பட்டத்துக்குப் போதுமானதாக இருந்த நேரம். இரண்டாவதாக வந்த ஜான் டன்பார் ஓட்டத்திலும் முன்னிலையில்தான் இருந்தார். அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோகவே பீரைக் கொடுத்தார்கள். ஹாலர் அவரைக் கடந்து போனார். முதல் போட்டியே சைக்கிளில் முடிவாகவில்லை, ஓட்டத்தில்தான் முடிவானது. சைக்கிள்காரர்கள் இந்த வரலாற்றைச் சொல்லும்போது மெர்க்ஸோடு நிறுத்திக்கொள்வது மரபு.

இலக்கு எண் எவ்வாறு பெறப்படுகிறது என்பதே இந்த ஆய்வின் மையம். சென்னை வகையை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகக் கிளம்பி, மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 100 கி.மீ. கைப்பிடியில் உள்ள கருவி சராசரி வேகம் 32 என்று காட்டும். 180-ஐ 32-ஆல் வகுத்தால் 5 மணி 37 நிமிடம் சொச்சம். பந்தய நாளின் உற்சாகத்துக்கு ஏழு நிமிடம் தள்ளுபடி செய்து ஐந்தரை என்று வைப்பார்கள். வகுத்தலில் பிழை எதுவும் இல்லை. 32 என்ற எண்ணின் குலம் கோத்திரத்தைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, அது கூட்டத்தின் வேகம். முன்னால் செல்பவரின் முதுகை ஒட்டிச் செல்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு கணிசமாகக் குறையும். டிரையத்லானில் இது குற்றம். முன்னவருக்குப் பின்னால் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், மீறினால் தண்டனை நேரம். இரண்டாவதாக, கருவியில் ஆட்டோ பாஸ் என்றொரு வசதி உண்டு. சக்கரம் நின்றால் கடிகாரமும் நிற்கும். இளநீர்க் கடை, பஞ்சர், சுங்கச்சாவடி அருகே குழுப் புகைப்படம், கோவளத்தில் காப்பி ஆகிய நான்கும் இதனால் காலத்துக்கு அப்பாற்பட்டவை ஆகின்றன. பந்தயக் கடிகாரம் சிறுநீர் கழிக்கும்போதுகூட நிற்பதில்லை. மூன்றாவதாக, ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கெல்லாம் வீடு சேர்ந்தாயிற்று. வெயிலும் எதிர்காற்றும் வலுக்கும் நேரத்தில் அவர் பொங்கல் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

குறையும் வேகத்தைக் கால்பலத்தால் ஈடுகட்டலாம் என்பது இவர்களிடையே பரவலான கொள்கை. இயற்பியல் இதற்கு ஒத்துழைப்பதில்லை. சமதரையில் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் கன மடங்காக ஏறும். 30-லிருந்து 33-க்குப் போவது பத்து விழுக்காடு வேகம்தான். காற்றுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறனைக் கொடுத்தாக வேண்டும். இங்கே கருவிப் பிரிவினர் குறுக்கிடுவார்கள். அவர்களுடைய தீர்வு கார்பன் சக்கரமும், முழங்கையை ஊன்றிக் குனியும் ஏரோ பாரும். ஏரோ பார் உண்மையிலேயே பயன் தரும். கடற்கரைச் சாலையின் சமதரையில், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து முந்நூறு கிராம் எடையைக் குறைப்பதன் பயன் தேடித்தான் பார்க்க வேண்டும். அவரே எடுத்துச் செல்லும் ஒரு தண்ணீர்ப் புட்டியின் எடை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

சைக்கிள் நேரம் இப்படி நிலைநாட்டப்பட்டபின் மற்ற இரண்டும் வருவிக்கப்படும். நீச்சல், சைக்கிள்காரர் பார்வையில் நூலுக்கு முன்வரும் பாயிரம். ஒன்றரை மணி நேரம் என்று போட்டுவைப்பார்கள். அதாவது நூறு மீட்டருக்கு 2 நிமிடம் 22 விநாடி வீதம், சுவர் இல்லாத கடலில். உடை மாற்றக் கால் மணி. ஓட்டத்துக்குக் கணக்கீடே கிடையாது, கழித்தல்தான். பன்னிரண்டில் ஐந்தரையும் ஒன்றரையும் காலும் போனால் மீதி நாலே முக்கால் மணி. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி. இதுவரை முழு மாரத்தான் ஓடியே இராதவரின் மாரத்தான் நேரம், அவருடைய கால்களைக் கலந்தாலோசிக்காமல் இவ்வாறு தீர்மானமாகிறது. நாலே முக்கால் என்றதும் அவருக்கு ஒரு நிம்மதி வரும். நடந்தே போய்விடலாம் போலிருக்கிறதே என்பார். வேகமாக நடந்தாலும் மணிக்கு ஆறு கி.மீ.தான், அதற்கு ஏழு மணி நேரம் பிடிக்கும் என்பது பிற்பாடு தெரியவரும்.

பாதித் தூரப் போட்டி முடித்தவர்களிடம் இன்னொரு முறை வழங்குகிறது. 1.9, 90, 21.1 என்ற இந்தத் தூரத்தில் அயர்ன்மேன் 70.3 பந்தயம் 2019-இல் கோவாவுக்கு வந்தது. அந்த நேரத்தை இரண்டால் பெருக்கி ஒரு மணி கூட்டினால் முழுத் தூரத்துக்கான நேரம் கிடைக்கும் என்பது அனுபவஸ்தர்களின் வாய்பாடு. சைக்கிள்காரர்கள் பெருக்கலை ஏற்றுக்கொண்டு கூட்டலைத் தள்ளுபடி செய்கிறார்கள்.

உணவுக்கு இலக்கு நேரத்தில் இடமே இல்லை. ஆனால் இலக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதுதான். உடலில் சேமிப்பாக உள்ள மாவுச்சத்து ஏறத்தாழ இரண்டாயிரம் கலோரி. பந்தயத்துக்கு அதைப்போல் பல மடங்கு தேவை. அதனால் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்ளச் சொல்வார்கள்; இட்லியாகக் கணக்கிட்டால் மணிக்கு ஆறு, ஏழு. மிதித்துக்கொண்டே, ஐந்தரை மணி நேரமும். ஞாயிறு பயிற்சியில் ஒரு வாழைப்பழத்தோடு பழகிய வயிறு, ஜெல் பாக்கெட்டுகளை வரிசையாக ஏற்க மறுக்கும்போது கால்கள் எவ்வளவு தயாராக இருந்தும் பயனில்லை.

இலக்கு நேரத்தின் ஆயுள் போக்கு ஒழுங்கானது. பணம் கட்டிய மாதத்தில் அது மிகக் குறுகியிருக்கும். பந்தயம் நெருங்க நெருங்க நீளும். சப் 12, முதல் திறந்தவெளி நீச்சலுக்குப் பின் ‘12 சில்லறை’ ஆகும். முதல் முப்பது கி.மீ. ஓட்டத்துக்குப் பின் ‘13 வந்தால் நல்லது’. கடைசி வாரம் ‘முடித்தால் போதும்’. பந்தயத்தன்று மாலை அது கட் ஆஃப் நேரமான 17 மணியோடு ஒன்றிவிடும். சைக்கிளிலிருந்து ஐந்தரை மணியில் இறங்கியவர்களும் இதற்கு விலக்கல்லர். சொல்லப்போனால் அவர்களிடம்தான் நீட்சி அதிகம், ஓட்டத்துக்கான கால்களை 180 கி.மீ.யிலேயே செலவழித்துவிட்டு வருவதால்.

மறுபுறம், சப் 12 இல்லாமலே முடித்துப் பெயர் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கன்னிகாஸ்திரி மடோனா பியூடர் 2012-இல் தம் 82-ஆம் வயதில் 17 மணி நேரத்துக்குள் முடித்தார். ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018-இல் ஹவாயின் கோனாவில், 85 வயதில், எல்லைக்குச் சில நிமிடங்களே இருக்கையில் கோட்டைத் தொட்டார். நடிகர் மிலிந்த் சோமன் 2015-இல் ஜூரிக்கில் 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார்; இந்தியாவில் பலர் பணம் கட்டத் தூண்டுதலாக இருந்தது அந்தச் செய்திதான். அதைப் படித்த சைக்கிள்காரர்கள் 15:19-லிருந்து மூன்று மணி இருபது நிமிடத்தைக் கழித்துக்கொண்டார்கள்.

பந்தயத்துக்குப் பின் இலக்கு நேரம் பற்றிய பேச்சு எழுவதில்லை. முடிவுப் பட்டியலில் நீச்சல், சைக்கிள், ஓட்டம், மாற்று நேரங்கள் தனித்தனியே இருக்கும். சைக்கிள்காரரைக் கேட்டால் நடு எண்ணை மட்டும் சொல்வார், அதுவும் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று விளக்கிய பிறகு.