‘டிட்’டுக்குப் பின்னால் ‘வென்ற்’ வராது

ரென்ஸ் மாஸ்ரருக்கு முன்னால் நேற்று நடந்த எதையும் ஆங்கிலத்தில் சொல்லக்கூடாது. இன்று நடப்பதைச் சொல்லலாம். நாளை நடக்கப்போவதையும் அவர் பெரிதாகக் கண்டுகொள்ளமாட்டார். நேற்று மட்டும் அவருடைய காணி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாலே பிடித்துவிடுவார்.

கொடிகாமம் சந்தைப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு ஆளைத் தெரியும். சாவகச்சேரியில் ஒருவர், நெல்லியடியில் ஒருவர், ஸ்காபரோவில் மகளின் வீட்டு பேஸ்மென்றில் ஒருவர் என்று இந்த வகை எல்லா இடமும் உண்டு. குடை, பிளேன்ரீயோடு கடிக்கப் பனங்கட்டி, பென்சன் காணாது என்ற முறைப்பாடு எல்லாம் மற்றப் பென்சன்காரருக்கும் பொது, விட்டுவிடுவோம். இவருக்கென்றே உள்ளது இந்த இறந்தகால வியாதி ஒன்றுதான்.

தேநீர்க் கடையில் ஒரு பெடியன் போனில் கதைத்துக்கொண்டிருக்கிறான். வெளிநாட்டுக் கூட்டாளி போலிருக்கிறது. எங்கேயோ போகாமல் விட்டதற்குக் காரணம் சொல்கிறான். “ஐ டிட் நொற் வென்ற்...”

மாஸ்ரர் கிளாசை மேசையில் வைக்கிறார்.

“தம்பி, கொஞ்சம் பொறும். டிட் எண்டு சொல்லியாச்சுத்தானே?”

“ஓம்.”

“அப்ப இறந்தகாலம் வந்திட்டுது. அதுக்குப் பின்னாலை வென்ற் எண்டு இன்னொரு இறந்தகாலம் என்னத்துக்கு? டிட் நொற் கோ எண்டு சொல்லும்.”

பெடியன் மரியாதையாகப் போனுக்குள்ளே “டிட் நொற் கோ, டிட் நொற் கோ” என்று இரண்டு தரம் சொல்கிறான். மறுமுனையில் இருப்பவனுக்கு, தன்னை ஏன் இவன் போகவேண்டாம் என்கிறான் என்று விளங்காமல் அந்தக் கதை அத்தோடு முடிகிறது. மாஸ்ரருடைய கதை அப்போதுதான் தொடங்குகிறது. சிம்பிள் பாஸ்ற், பாஸ்ற் கொன்ரினியுவஸ், பாஸ்ற் பேர்பெக்ற், பாஸ்ற் பேர்பெக்ற் கொன்ரினியுவஸ் என்று ஆங்கிலேயனுக்கு நேற்று நாலு விதம். ‘ஹாவ்’, ‘ஹாஸ்’ போட்டு வருகிற பிரசன்ற் பேர்பெக்ற் வேறு. பெயரில் நிகழ்காலம், சொல்வதெல்லாம் நடந்து முடிந்த கதை. மாஸ்ரரின் உயிர் இருப்பது அதில்.

செத்தவீட்டில்கூட அடங்கமாட்டார். வெளிநாட்டிலுள்ள இனசனத்துக்கு அனுப்புவதற்கு மகன் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தான். அதில் முதல் வரி, ‘அவர் ஃபாதர் ஹாஸ் எக்ஸ்பயர்ட் யெஸ்ரடே.’ துக்கம் விசாரிக்க வந்த மாஸ்ரரின் கண்ணில் அது பட்டுவிட்டது.

“தம்பி, குறை நினைக்காதையும். யெஸ்ரடே வந்தால் ஹாஸ் வராது. நேரம் குறிச்சால் சிம்பிள் பாஸ்ற். ஹாஸ் போடுறதெண்டால் அந்தக் காரியத்தின்ரை பலன் இப்பவும் கண்முன்னாலை இருக்கவேணும்.”

மகன் திரும்பி விறாந்தையைப் பார்த்தான். “ஐயா இன்னும் கண்முன்னாலைதான் கிடக்கிறார் மாஸ்ரர். பின்னேரம்தான் எடுக்கிறம்.”

மாஸ்ரர் யோசித்தார். வெளியே பறைமேளம் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது. “அப்ப ஹாஸ் இருக்கட்டும். யெஸ்ரடேயை வெட்டும்.”

எல்லாவற்றுக்கும் அவருக்கு அத்தாட்சி ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். அட்டை போய், தைத்து, திரும்பவும் அட்டை போட்டது. இந்த ரென் பம்பாய் மாகாணத்தில் கல்வி உத்தியோகம் பார்த்தவர். பிரெஞ்சு அந்நியர் படையில் சேர்ந்து பாலைவனத்தில் சண்டைபோடும் சகோதரர்களைப் பற்றி 1924இல் ‘போ ஜெஸ்ற்’ என்ற நாவல் எழுதிப் பேரெடுத்தவரும் அவரேதான். அவர் கதையும் எழுதியவர் என்பது மாஸ்ரருக்குத் தெரியும். நல்ல மனிதரிடம் உள்ள சிறு குறை என்று அதை மன்னித்து வைத்திருக்கிறார்.

போன வருடம் ரொறன்ரோவிலிருந்து பேத்தி வந்து நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, “ஐ ஜஸ்ற் ஏற், அப்பப்பா” என்றாள். ‘ஜஸ்ற்’ வந்தால் ‘ஹாவ்’ வரவேண்டும், ‘ஐ ஹாவ் ஜஸ்ற் ஈற்றன்’ என்று அப்பப்பா திருத்தினார். தங்கள் ரீச்சர் இதற்கெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டா என்று அவள் சொன்னாள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அது பிழையில்லை என்பது உண்மை. அடுத்த நாள் அவள் வாயிலிருந்து ‘கொற்றன்’ என்று ஒன்று வந்தது. அன்றிரவு மாஸ்ரர் மகனுக்கு போன் எடுத்து, பள்ளிக்கூடத்தை மாற்றச் சொன்னார்.

இந்த வெறி சும்மா வந்ததில்லை. அமெரிக்க மிஷன் துரைமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினார்கள். அதற்குப் பிறகு இந்தக் குடாநாட்டில் ஆங்கிலம் என்பது உலையில் போடுகிற அரிசி. கொழும்பில் கிளாக்கர், மலாயாவில் ரெயில்வே உத்தியோகம், மாதம் தவறாமல் வீட்டுக்கு மணியோடர். மழை பொய்த்தாலும் ‘ஹாட் பீன்’ பொய்க்காது என்று ஒரு காலம் இருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அந்த அரிசியில் மண் விழுந்தது. மாஸ்ரர் ஆங்கிலம் படித்தது அதன் பிறகு. பலனில்லை என்று தெரிந்துகொண்டே ஒன்றைத் திறமாகப் படித்தவர்களுக்கு அதில் ஒரு தனிப் பிடிவாதம் இருக்கும்.

1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குள் வந்து இறங்கியது. பள்ளிக்கூடங்கள் எல்லாம் அகதி முகாம்கள். அந்த நாட்களில் தன் வளவு மாமரத்தில் கரும்பலகையைச் சாத்திவைத்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ரென்ஸ் படிப்பித்தவர் இவர். ஒரு சதம் வாங்கவில்லை. இதை மறந்துவிட்டு அவரைப் பகிடி பண்ணக்கூடாது.

இருந்தாலும் அன்றைக்குச் சந்தியில் நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. முதுகில் மூட்டையோடு இரண்டு வெள்ளைக்காரர் வந்து, பருத்தித்துறை பஸ் போய்விட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பஸ் அப்போதுதான் வளைவில் திரும்பி மறைந்திருந்தது. எல்லோரும் மாஸ்ரரைப் பார்த்தார்கள். மாஸ்ரர் வாயைத் திறந்தார். ‘ஹாஸ் ஜஸ்ற் லெஃப்ற்’ என்பதா? ஐந்து நிமிசத்துக்கு முதல் என்று நேரம் குறித்தால் ‘ஹாஸ்’ போய்விடுமே. அவர்கள் வருவதற்கு முன்பே போனதென்றால் ‘ஹாட் லெஃப்ற்’ அல்லவா? திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

பிலாப்பழம் விற்கிற அக்கா கத்தியில் ஒட்டிய பாலைத் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே, “பஸ் கோ. நோ பஸ். ரூ ஓ குளொக் கம்” என்றார். கையோடு ஆளுக்கொரு சுளையை நீட்டி, “ஈற்” என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டு பக்கத்து வாங்கில் குந்தினார்கள்.

அவர்கள் கேட்காத தூரத்தில் மாஸ்ரர் மெல்லச் சொன்னார், “பஸ் கோ இல்லைப் பிள்ளை, கோன்.”

“அது போட்டுது மாஸ்ரர். எப்பிடிச் சொன்னாலும் போட்டுது.”

மாஸ்ரர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிசம் சேர்ந்தாற்போல் கதைத்து ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அது அவருடைய பாடு. ஆனால் அவரிடம் படித்த பிள்ளைகளும் அப்படித்தானே ஆகிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை ஒன்பது வருடம் ஆங்கிலம் படிக்கிறார்கள். கெட்டித்தனமான பிள்ளை ஓ எல்லில் ஏ எடுக்கிறது. கொழும்பில் இன்ரவியூவுக்குப் போய், ‘நீர் முதல் எங்கே வேலை செய்தீர்’ என்று கேட்டால், ‘வேர்க்ட்’டா, ‘ஹாவ் வேர்க்ட்’டா, ‘ஹாட் பீன் வேர்க்கிங்’கா என்று மனதுக்குள் பரீட்சை எழுதிக்கொண்டு வாயை மூடி இருக்கிறது. பக்கத்தில் பிழைபிழையாகக் கதைக்கிறவன் வேலையோடு வெளியே வருகிறான். இங்கிலாந்தில் பிறந்த குழந்தையே கொஞ்சக் காலம் ‘கோட்’ என்றுதான் சொல்லும். யாரும் அதை மறித்து வகுப்பெடுப்பதில்லை. தானாக ‘வென்ற்’ வரும். பெரியவர்களும் ஒன்றும் குறைந்தவர்களில்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் ‘ஹெல்ப்’புக்கு ‘ஹோல்பன்’ என்று இருக்கிறது. இன்று அதை எழுதினால் மாஸ்ரரே சிவப்பு மையால் வெட்டுவார்.

மாஸ்ரர், கொப்பியில் எவ்வளவு வேண்டுமென்றாலும் வெட்டுங்கள். பிள்ளை வாய் திறக்கிறபோது மட்டும் வசனம் முடியும்வரை பொறுங்கள். பிழையாகக் கதைக்கிற பிள்ளையைத் திருத்தலாம். கதைக்காத பிள்ளையில் எதைத் திருத்துவீர்கள்? சந்தியில் நின்று ஆட்களை மறிப்பதை விட்டுவிட்டு, பின்னேரங்களில் வளவில் வைத்துப் படிப்பியுங்கள். பிள்ளைகளை அனுப்ப நாங்கள் தயார்.