டிராக்டர் சப்பரமும் மின்சார மேளமும்: சிங்கவரம் வட்டார ஆய்வுக்கு ஒரு முன்னுரை

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் குன்றில் பள்ளிகொண்ட அரங்கநாதரைத் தேடி அறிஞர்கள் வருகிறார்கள். கையில் டேப்போடு பல்லவர் குடைவரையைத் தூண் தூணாக அளக்கிறார்கள். ஒரு தூணின் கனம் அரை அங்குலம் கூடினால் கோயில் ஒரு மன்னருக்குப் போகிறது. குறைந்தால் அவருடைய மகனுக்கு. அதே அடிவாரத்தில் டிராக்டர் டிரெய்லர் மேல் பிளைவுட் கோபுரம் எழுப்பி, சீரியல் பல்பு சுற்றி, பின்னால் ஜெனரேட்டரைக் கட்டி ஒரு சப்பரம் நின்றால் அதை அளக்க ஓர் அறிஞரும் இல்லை. இந்த மாபெரும் இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு.

உள்ளூர்க் கைகளால் ஆன ஊர்வல வாகனங்கள் நால்வகைப்படும். ஒன்று, தள்ளுவண்டி, அதைத் தள்ளுவார்கள். இரண்டு, மூன்று சக்கர சைக்கிளில் பழைய மொபெட் எஞ்சினை மாட்டிய மீன்பாடி வண்டி. இது சென்னைக்குரியது, எனவே விலக்கப்படுகிறது. மூன்று, 2005-இல் சந்தைக்கு வந்த டாடா ஏஸ். ஊரார் இதைக் குட்டியானை என்பதால் ஆகம மரபிலுள்ள யானை வாகனத்தின் கீழ் தயக்கமின்றிச் சேர்க்கப்படுகிறது.

நான்காவது, டிராக்டர் சப்பரம். இதைப் புரிந்துகொள்ள, இதே விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மண்டகப்பட்டுக்குப் போக வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். சப்பரக்காரர்களோ சவுக்குக் கம்பும் கட்டுக்கம்பியும் இல்லாமல் ஓரடி நகர மாட்டார்கள். மன்னன் துறந்த நான்கில் இரண்டை மக்கள் மீட்டுக்கொண்டார்கள் என்பது வெளிப்படை. தெர்மாகோல் கல்வெட்டில் இல்லை. விலக்கப்படாதது அனுமதிக்கப்பட்டது, ஆகவே தெர்மாகோலுக்குப் பல்லவர் ஒப்புதல் உண்டு (டீக்கடை வாய்மொழி, பெஞ்சு 1).

இனி இசைக்கு வருவோம். ஐரோப்பியத் தெருக்களில் கைப்பிடியைச் சுற்றினால் பாடும் ஆர்கன் ஒன்று உண்டு. உள்ளே முள் பதித்த உருளை சுழலும். ஒவ்வொரு முள்ளும் ஒரு குழலின் வாயைத் திறந்துவிடும். 1892-இல் பாரீசின் கவியோலி நிறுவனம் உருளைக்குப் பதிலாகத் துளையிட்ட அட்டைக்குக் காப்புரிமை பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில்களின் தூணோரம் நிற்கும் மின்சார மேளம் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. மோட்டார், பெல்ட், பெரிய சக்கரம், ஓர் அச்சு. அச்சிலிருந்து கிளம்பும் நெம்புகம்பிகள் முறை வைத்து மேளத்தின் கோலையும் மணியின் நாக்கையும் ஜால்ராவையும் தூக்கிப் போடுகின்றன. அங்கே கைப்பிடி சுற்ற ஓர் ஆள் வேண்டும். இங்கே ஆரத்தித் தட்டை ஒரு கையில் ஏந்தியபடியே மறுகையால் சுவிட்சைத் தட்டிவிடலாம்.

இதன் காலப்பிரமாணம் பற்றித் தனி நூலே எழுதலாம். வாரிய மின்சாரத்தில் மத்திம காலம். ஜெனரேட்டர் 50 சுழற்சியைத் தாண்டி ஓடினால் மோட்டாரும் முந்தும், அது துரிதம். கரன்ட் போனதும் சக்கரம் தன் கனத்தில் இன்னும் சில சுற்று ஓடி, டம்... டம்... என்று ஓய்வது விளம்பம்.

அடுத்தது, இத்துறையையே பிளந்த கேள்வி. செஞ்சிப் பக்கத்துக் கோயில் ஒன்றில், மேளத்துக்கு அரை மாத்திரை பிந்தியே மணி அடிக்கிறது. ஏன்? பெல்ட் தொய்வு என்பது ஒரு கட்சி (பெஞ்சு 2, இடது ஓரம்). அது பிழையல்ல, வேண்டுமென்றே வைத்த சங்கதி என்பது மறுகட்சி (மேற்படி பெஞ்சு, வலது ஓரம்; சொன்னவர் பின்னர் மறுத்தார்; மறுத்ததை டீ மாஸ்டர் மறுத்தார்; ஒப்புநோக்குக: முடிதிருத்தகம், கண்ணாடிக்கு எதிர் நாற்காலி, பாதி மழித்த நிலையில் அளித்த வாக்குமூலம்). பெல்ட் நழுவினால் அச்சு மொத்தமும்தான் மந்தமாகும், மணி மட்டும் பிந்தாது, மணியின் கம்பி வளைந்திருக்கிறது என்று ஒரு எலக்ட்ரீஷியன் சொல்லிப் பார்த்தார். அவருக்கு முனைவர் பட்டம் இல்லாததால் கருத்து ஏற்கப்படவில்லை.

ஒப்பியல் சான்று இல்லாமல் எந்த ஆய்வும் நிறைவு பெறாது. 1780-இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது ஹைதர் அலியின் படை. அவர் மகன் திப்புவிடம் ஒரு மரப்புலி இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், அடியில் கிடக்கும் வெள்ளைக்காரன் முனகுவான். புலியின் உடலுக்குள் 18 கட்டைகளோடு ஒரு சிற்றார்கன். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் லண்டனுக்குப் போய், 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் காட்சிக்கு வந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் சுற்றித் தள்ள, அங்கே நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த அறிஞர்களுக்குத் தலைவலி. பின்னாளில் கைப்பிடி காணாமல் போனது. எடுத்தவர் பெயர் பதிவில் இல்லை. யாருக்கு நிம்மதி என்பதில் ஐயமில்லை.

லண்டனிலேயே சார்லஸ் பாபேஜ் தெரு ஆர்கன்காரர்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1864-இல் அவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. அவர் வரைந்த கணிப்பொறியின் உள்ளே என்ன இருந்தது? குமிழ் பதித்த உருளைகள். பங்காளிச் சண்டை என்பது இதுதான்.

இரண்டாம் பாகத்துக்கான களப்பணியை உடனே தொடங்க இருந்த நிலையில், மேற்படி கோயிலில் யாரோ வளைந்த கம்பியை நிமிர்த்திவிட்டார்கள். மணி இப்போது சரியாக அடிக்கிறது. மூலச்சான்றை அழித்த இச்செயலைக் கண்டித்து பெஞ்சு 2-இன் இரு ஓரங்களும் முதன்முறையாக ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கின்றன.