ஜிகர்தண்டாவும் ஓர் இழையும்

கேள்வி: அப்பா கையில் சர்க்கரை சென்சார் ஒட்டியிருக்கிறோம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தார். உடனே பார்த்தால் அளவு ஏறவே இல்லை. கருவி பழுதா?
– தெப்பக்குளம் வாசகி, மதுரை

பதில்: பழுதில்லை அம்மா. ஜிகர்தண்டா சட்டென்று இறங்கும்; சர்க்கரை நிதானமாகத்தான் வரும். தோலுக்கடியில் இருக்கும் அந்த மெல்லிய மின்முனை இழை தொடுவது ரத்தத்தை அல்ல, திசுநீரை. குடித்தது ரத்தத்தில் கலந்தபிறகும் அங்கே போய்ச்சேர ஐந்து, பத்து நிமிடம் பிடிக்கும். இழைமேல் பூசிய நொதி சர்க்கரையோடு வினைபுரிய, பிறக்கும் மின்னோட்டமே போனில் எண்ணாகிறது. நொதிக்கு மேலே ஒரு சவ்வு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை வரிசையில் விடுவதுபோல, சர்க்கரையை அளவோடுதான் உள்ளே விடும். என்னைக் கேட்டால், மொத்தக் கெட்டிக்காரத்தனமும் அந்தச் சவ்வில்தான். நொதியும் மின்முனையும் சேர்ந்த இந்த யோசனை, 1962-இல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் போட்ட விதை. மின்முனைகள் உள்ளிட்ட மின்வேதியியலை ஆராயவே நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1953 முதல் ஓர் ஆய்வகம் இயங்குகிறது. அப்பாவுக்கு வியர்த்து, படபடத்தால் மட்டும் போனை நம்பி உட்காராதீர்கள். விரல்நுனி ரத்தத்தில் உடனே சோதியுங்கள்.