வியர்வைக்குப் பட்டா

புறம்போக்கில் நாலு கல்லை நட்டு, வேலி போட்டு, தாலுகா ஆபீசில் ஆளைப் பிடித்துப் பட்டா வாங்குகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். உடம்பை முன்னால் குனிக்கவும் பின்னால் வளைக்கவும் பட்டா கேட்ட மகானின் பெயர் பிக்ரம் சௌத்ரி.

கல்கத்தாக்காரர். பரமஹம்ச யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷிடம் பாடம் கேட்டவர். 26 ஆசனங்களைப் பொறுக்கி, 2 மூச்சுப் பயிற்சிகளைச் சேர்த்து, 1970-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அவர் கைச்சரக்கு என்று சொல்ல வேண்டுமானால், சூடு. 105 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கதவை மூடிக்கொண்டு 90 நிமிடம். மே மாதம் வேலூர் பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்றாலே கிடைக்கிற சமாச்சாரம். பெவர்லி ஹில்ஸில் அதற்கு டாலர் கட்டினார்கள்.

சொல்லித்தரும் தகுதி வேண்டுமா? 9 வாரப் பயிற்சி, 10,000 டாலருக்கு மேல் கட்டணம். ஓட்டல் கூடத்தில் நூற்றுக்கணக்கான பேர் வேர்த்து ஒழுக, மேடைமேல் சிம்மாசனம். அதில் கறுப்பு ஜட்டியும் கொண்டையும் காதோர மைக்குமாக குரு. அவருக்கு மட்டும் குளிர்காற்று. துறவு மற்றவர்களுக்கு, ஏ.சி. தனக்கு! வகுப்பில் பேச வேண்டிய வசனத்தைக்கூட அவர் எழுதியபடி எழுத்து பிசகாமல் ஒப்பிக்க வேண்டும்.

அந்த வரிசைப்படி வேறு யாராவது ஆசனம் சொல்லிக்கொடுத்தால் வக்கீல் நோட்டீஸ் பறந்தது. இந்திய அரசு பதறிப்போய் ஆசனங்களைப் பாரம்பரிய அறிவு மின் நூலகத்தில் பதிய ஆரம்பித்தது. பாட்டன் சொத்துக்குப் பேரன் பத்திரம் எழுதிவைக்க வேண்டிய நிலைமை. கடைசியில் 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆசன வரிசை என்பது ஒரு முறைதான், அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது.

ஆனால் ஆசனத்துக்குப் போட்ட வேலியோடு அவர் நின்றிருந்தால் இதைச் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். வேலிக்குள் வந்த உடம்புகளும் தன் சொத்து என்று நினைத்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. 2013-இலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள்: பாலியல் தொல்லை, வன்புணர்வு. அத்தனையையும் அவர் மறுத்தார். அவர் நிறுவனத்தின் சட்ட விவகாரங்களைப் பார்த்துவந்த பெண், இந்தப் புகார்களைத் தோண்டியதால் தன்னைத் துரத்தினார்கள் என்றும், தனக்கும் தொல்லை நடந்தது என்றும் நீதிமன்றம் போனார். 2016 ஜனவரியில் ஜூரி அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. இழப்பீடும் தண்டத்தொகையுமாகக் கிட்டத்தட்ட 74 லட்சம் டாலர்.

இத்தனை காலம் யாருமே வாய் திறக்கவில்லையா என்று கேட்கிறவர்கள் அந்தக் கட்டணத்தைத் திரும்பப் பார்க்கட்டும். பத்தாயிரம் டாலர் கட்டி, கடன் வாங்கி ஸ்டுடியோ திறந்து, போர்டில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிற பெண் எப்படிப் பேசுவாள்? குருவின் பெயர் நாறினால் அவள் சான்றிதழும் நாறும். வாயை மூடிக்கொள்ளவும் சேர்த்துத்தான் அவர்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். உத்தமமான வியாபாரம்!

தண்டம் கட்டச் சொன்னபோதுதான் குருவின் அபரிக்கிரகம், அதாவது உடைமை சேர்க்காத யோக விரதம், வெளிப்பட்டது. கையில் காசில்லை என்றார். ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி என்று அணிவகுத்த கார்கள் எங்கே? மாநில அரசுக்குக் கொடுத்துவிட்டாராம், குழந்தைகளுக்கு ஆட்டோ இன்ஜினியரிங் பள்ளி தொடங்குவதற்காக. கலிஃபோர்னியா கவர்னர் அலுவலகமோ அப்படி ஒன்றும் எங்களுக்குத் தெரியாது என்றது.

2017-இல் பிடிவாரண்ட் வந்தபோது ஆள் நாட்டில் இல்லை. அதே ஆண்டு கம்பெனி திவால். அப்புறம்? அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம் பயிற்சி முகாம் நடந்தது. கட்டணம் கட்ட ஆளும் வந்தது. அமெரிக்காவில் ஸ்டுடியோக்காரர்கள் பலர் போர்டிலிருந்து பெயரை மட்டும் கழற்றிவிட்டு ‘ஹாட் யோகா’ என்று எழுதிக்கொண்டார்கள். அதே 26, அதே 90 நிமிடம். நோட்டீஸுக்கும் பயப்பட வேண்டாம். 2015 தீர்ப்புதான் கையில் இருக்கிறதே. ஹீட்டருக்குக் கரண்ட் பில் கட்டினால் போதும்.