எலி வாரியம்

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் மேடையை விட்டு இறங்குவதில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சுவரில் வெட்டி வைத்தார்கள். சொந்த மனையில் வீடு வேண்டும். வரி கட்டும் நிலம் வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் திரும்ப நிற்கக் கூடாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் உண்டு. எலி வாரியம் மட்டும் கிடையாது. எனக்கென்னவோ சபையிலேயே அதற்கு ஆள் இருந்திருக்கும் என்று சந்தேகம். வரப்பெலிக்குச் சொந்த மனையில் வீடு உண்டு, அதில் களஞ்சியமும் உண்டு. வரியும் கணக்கும்தான் வழக்கமில்லை.

எங்கள் பக்கத்துத் தாமல் ஏரித் தண்ணீரில் விளைந்த நெல் முற்றுகிற சமயம் எலி கதிரோடு நறுக்கி வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். விவசாயி அறுப்பதற்கு முன்னால் முதல் அறுவடை அதனுடையது.

அந்த நெல்லை மீட்கத் தெரிந்தவர்கள் இருளர் பழங்குடியினர். ஒரு வளைக்கு நாலைந்து வாசல் இருக்கும். மற்றதையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் அடியில் ஓட்டை போட்ட பானையைக் கவிழ்த்து வைப்பார்கள். உள்ளே வைக்கோல் புகையும். ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். எலி சாவதற்குள் ஊதுகிறவருக்குப் பாதி உயிர் போய்விடும். பிறகு வெட்டினால் எலி குழம்புக்கு, அடியில் இருக்கும் நெல் உலைக்கு. சில நாள் எலி இருக்க வேண்டிய இடத்தில் நல்ல பாம்பு சுருண்டு கிடக்கும். தொழில் போட்டி. முந்தி வந்தவருக்குச் சாப்பாடு.

இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சீமையில் பெண்களுக்குப் பாம்புத்தோல் கைப்பை பிடித்துப்போகும் வரை. தோல் வியாபாரி வந்தார். சாரையும் நாகமும் உரிபட்டுக் கப்பலேறின. எலிகள் பொங்கல் கொண்டாடியிருக்கும். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பு பிழைத்தது. பிடித்தவர் அடுப்புதான் அணைந்தது. சட்டம் எழுதியவர்கள் பாம்பின் சாப்பாட்டை யோசித்தார்கள், பாம்பு பிடிப்பவரின் சாப்பாடு யார் நினைவுக்கும் வரவில்லை.

1978-ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தூண்டுதலில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கொன்று தோல் விற்றவர்கள் கொல்லாமல் விஷம் விற்கத் தொடங்கினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நாலு பேர் வடநெம்மேலியில் சில வாரம் பானைக்குள் விருந்தாளி. வாராவாரம் விஷம் கொடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாள வெட்டோடு திரும்பக் காட்டுக்குப் போகலாம். விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் அதுதான்.

இதற்கிடையில் அமெரிக்காவில் வேறு கூத்து. ஆசைக்கு வளர்த்த பர்மா மலைப்பாம்புகள் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் குடியேறி, கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கின. அங்கே ரக்கூன் தென்படுவது 99.3 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2012-ல் ஆராய்ச்சியாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். 2016-ல் மலைப்பாம்பு பிடிக்கப் போட்டி வைத்துக் கூப்பிட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் பதிவு செய்து, ஒரு மாதம் அலைந்து, பிடித்தது 106. ஆளுக்குக் கால் பாம்புகூட இல்லை.

2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போய் இறங்கினார்கள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். ஆங்கிலம் பேச மொழிபெயர்ப்பாளர்கள் கூடப் போனார்கள், பாம்போடு பேச அவர்கள் தேவைப்படவில்லை. மற்றவர்கள் சாலையோரம் வண்டியில் உருண்டபடி தேட, இவர்கள் புதருக்குள் நுழைந்து தடமும் எச்சமும் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. அதில் ஒன்று பழைய ஏவுகணைத் தளத்தில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் ஒன்று. அத்தனை தூரம் போய் அவ்வளவு பெரிய பாம்பைப் பிடித்தும், அந்த ஊர் வளைகளில் ஒரு படி நெல் கிடைத்திருக்காது.