மீன்தொட்டியில் ஒரு பெரிய கிராணி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. மலாக்காவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் நீமோ என்று சொல்லிவிடும். பெரியது சிறியதைக் கடிக்கிறது. சிறியது வடிகட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. செய்தி இவ்வளவுதான். ஆனால் இது எங்கள் தாமானைத் தாண்டி, செங், பத்து பெரெண்டாம், ஜாசின் என்று உறவுக்காரர்கள் இருக்கும் இடமெல்லாம் பரவிவிட்டது. இப்போது யார் போன் செய்தாலும் அம்மாவின் முட்டிவலியை விசாரிப்பதற்கு முன்னால், "மீனு ரெண்டும் சமாதானமா இருக்கா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

மீன்சண்டை எங்களுக்குப் புதிதல்ல. தோட்டத்தில் வளர்ந்த பையன்களுக்கு லயத்துக்குப் பின்னால் ஓடும் லோங்காங்தான் முதல் மீன்காட்சிசாலை. சண்டை மீன்களை ஆளுக்கொரு பாட்டிலில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஓர் அட்டையைச் சொருகி வைத்திருப்போம். அட்டையை உருவியதும் இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு முறைக்கும். அதில் மர்மம் ஒன்றும் கிடையாது. இரண்டும் ஆண், இரண்டுக்கும் திமிர். கோமாளி மீன் விவகாரம் வேறு. பார்க்கிறவர்களுக்குப் புருசன் பெண்டாட்டிச் சண்டை போலத் தெரியும். உண்மையில் அது உத்தியோகச் சண்டை.

தொட்டி மச்சானுடையது. அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும், "அக்கா, நீ பார்த்துக்க" என்று என் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அக்கா என்னிடம் ஒப்படைத்தாள். அப்போது தொட்டியில் ஒரு தம்பதி இருந்தது. இடம் மாறிய அலைச்சலில் பெரியது செத்துப்போனது. மிஞ்சியது சிறியது, ஆண். சில மாதம் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு தீனியை இரண்டு மடங்கு தின்ன ஆரம்பித்தது, பருத்தது, தொட்டியைத் துடைக்கக் கையை விட்டால் விரலைக் கடித்தது. மச்சானுக்குப் போன் செய்தேன். "ஒண்ணுமில்ல மாமா. அவரு பொம்பளையா மாறிக்கிட்டிருக்காரு" என்றார், ஏதோ மேல்மாடிக்கு வீடு மாற்றுகிறார் என்பதுபோல.

அவர் விளையாடவில்லை. கோமாளி மீன்களில் யாரும் பெண்ணாகப் பிறப்பதில்லை. வளரும்போது முதலில் ஆண்தான். கூட்டத்தில் இருப்பதிலேயே பெரியது எதுவோ அதுதான் பெண். அடுத்தது அதன் கணவன். மிச்சமிருப்பவை இனப்பெருக்கத்தில் சேராமல் வரிசையில் காத்திருக்கும். பெண் செத்தால் கணவன் பெண்ணாகிறது, அடுத்த நிலையில் இருந்தது கணவனாகிறது. ஹான்ஸ் ஃபிரிக்கேவும் சிமோன் ஃபிரிக்கேவும் 1977-இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கி எழுதினார்கள். பெண் தன் கீழே உள்ளவர்களை அடித்து மிரட்டித்தான் அவர்கள் பெண்ணாகாமல் தடுத்து வைத்திருக்கிறது என்பது அந்தக் கட்டுரையின் சாரம். ஆக, கடிப்பது கோபத்தால் அல்ல, நிர்வாகத்தால்.

இதைக் கேட்டதும் எங்கள் கிராணி மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக முப்பது வருடம் இருந்து, பெரிய கிராணியாகாமலே ஓய்வு பெற்றவர். "அப்படியே தோட்டம்தான்டா!" என்றார். மேலே துரை, அவருக்குக் கீழே பெரிய கிராணி, பிறகு சின்னக் கிராணி, பிறகு மண்டோர். மேலே இருப்பவர் மாற்றலாகியோ செத்தோ போனால்தான் கீழே இருப்பவருக்கு ஒரு படி. அதுவரை பெரிய கிராணியின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வேண்டும், அவரைவிட நல்ல கடிகாரம் கட்டக்கூடாது. மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று ரப்பர் போட்டது மலாக்காவில்தான். தான் சாய் யான் என்ற சீனர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஆரம்பித்து வைத்தார். ஆகவே இந்த ஏணியைப் பற்றிச் சொல்ல நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் எங்கள் ஊருக்கு உண்டு.

மாமா சொன்ன கடிகார விஷயம்கூட மீனில் அப்படியே இருக்கிறது. பீட்டர் பஸ்டன் என்ற ஆய்வாளர் பாப்புவா நியூ கினியில் கோமாளி மீன்களை அளந்து பார்த்து 2003-இல் எழுதினார்: வரிசையில் கீழே இருக்கும் மீன், தனக்கு மேலே இருப்பதைவிட எப்போதும் சிறியதாக இருக்கும்படி தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. மேலதிகாரியின் அளவில் ஏறத்தாழ 80 சதவீதம். அதைத் தாண்டி வளர்ந்தால் போட்டிக்கு வந்தவனாகிவிடும்; அடித்து விரட்டப்படும்; கடலில் தான் குடியிருக்கும் கடற்சாமந்தியை விட்டு வெளியேறிய கோமாளி மீன் பெரும்பாலும் வேறு மீனுக்கு இரைதான். பதவி உயர்வுக்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் ஊழியனை மாமா பார்த்ததில்லையாம். "நாங்க குறைச்சுக்கல. சம்பளமே அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

இன்னொன்று. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, மாறும்போது மூளைதான் முதலில் பெண்ணாகிறது. உடம்பின் உறுப்புகள் பின்னால் மெதுவாக வந்து சேருகின்றன, சிலவற்றுக்கு ஆண்டுகள்கூட ஆகும். அதாவது கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்து அதட்ட ஆரம்பித்துவிடும் ஆக்டிங் பெரிய கிராணி. எங்கள் தொட்டியில் அந்த நேரத்தில் இருந்தது அதுதான்.

நீமோ படம் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளவும். 2003-இல் வந்த அந்தப் படத்தில் தாய் மீன் ஆரம்பத்திலேயே இறந்துவிடும். நிஜத்தில் அந்த அப்பா மகனைத் தேடிக்கொண்டு சிட்னி வரை போயிருக்க மாட்டார். வீட்டிலேயே இருந்து அம்மாவாகியிருப்பார். இதை என் மகளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"பாவம், தனியா இருக்கு" என்று அம்மாதான் ஆரம்பித்தாள். துணை தேட மீன் கடைக்குப் போனோம். தவுக்கே தொட்டியைக் காட்டி, "நல்ல ஆண். கேரண்டி" என்றார். உலகத்தில் எந்த வியாபாரியும் இவ்வளவு பத்திரமான கேரண்டி கொடுத்ததில்லை. அங்கே இருந்த குட்டிகளில் ஒன்றுகூடப் பெண்ணாக இருக்க வழியில்லை. இருந்ததிலேயே மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்தோம், எங்களுடையதில் பாதி அளவு. அளவில் போட்டி இருக்காது, உடனே பணிந்துபோகும் என்று கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பணிந்துபோவதற்கு முன்னால் ஒரு சடங்கு இருக்கிறது.

பெரியது வந்து இடிக்கும், துடுப்பைக் கடிக்கும், டொக் டொக் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் தாடையை வேகமாக மூடும்போது பற்கள் மோதி வருவது. பெல்ஜியத்தின் எரிக் பார்மன்தியேயும் குழுவினரும் 2007-இல் இதைப் பதிவுசெய்து காட்டினார்கள். சிறியது உடனே பக்கவாட்டில் சாய்ந்து உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கும். முதல் தடவை அதைப் பார்த்த என் மனைவி வலிப்பு என்று நினைத்தாள். அம்மா, "சாமி வந்திருக்கு" என்று கற்பூரத் தட்டைத் தேடப் போனாள். மாசி மகத்துக்கு ரதம் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும்போது வழியில் யாரெல்லாம் அருள் வந்து ஆடினார்கள் என்ற பட்டியலும் அதோடு வந்தது. உண்மையில் அந்த நடுக்கம் நல்ல அறிகுறி. 'நீங்கள்தான் பெரியவர், ஒப்புக்கொண்டேன்' என்பது அதன் பொருள். நடுங்கினால் குடும்பம் நிலைக்கும். நடுங்காமல் திருப்பிக் கடித்தால்தான் ஆபத்து. அம்மாவுக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. "பயந்து நடுங்குறதுதான் குடும்பமா?" என்று கேட்டாள். அப்பா இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

எங்கள் சிறியது நடுங்கியது. பெரியதுக்குத்தான் திருப்தி வரவில்லை. வால் துடுப்பு கிழிந்தது. சாப்பிட வராமல் மேல் மூலையிலேயே நின்று வேகமாக மூச்சுவிட ஆரம்பித்தது. துரத்தல், லேசான கடி, நடுக்கம் மூன்றும் இயல்பு, விட்டுவிடலாம். கிழிந்த துடுப்பு, பட்டினி, மேல்மூலை, வேக மூச்சு என்றால் தலையிட வேண்டும். மன உளைச்சலில் இருக்கும் மீனை வெள்ளைப்புள்ளி நோய் தேடி வரும்.

ஆலோசனைகள் வந்து குவிந்தன. ஜாதகம் பார்த்தாயா என்றார் சித்தப்பா. கண்ணாடியில் எலுமிச்சை மிளகாய் கட்டச் சொன்னாள் அத்தை. அசாம் பெடாஸ் வைத்தால் என்ன என்று கேட்ட ஒருவரின் பெயரை, உறவு கருதி, விட்டுவிடுகிறேன். "கிளேபாங்குல கடலு சும்மா கிடக்கு, நீ உப்ப காசு குடுத்து வாங்குறியே, அதான் மீனுக்குக் கோவம்" என்றார் கிராணி மாமா. கிளேபாங் கரைத் தண்ணீர் கலங்கல். ஆற்று நீரும் மற்றதும் அதில் கலந்து வரும். தொட்டிக்குச் சுத்திகரித்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 அளவுக்கு வைப்பதுதான் பத்திரம். ஆனாலும் மாமா சொன்னதில் பாதி சரி. சண்டை என்றால் மீனைத் திட்டுவதற்கு முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். வெப்பம் 25, 26 டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும்.

இந்த ஊர் மத்தியானத்தில் அது லேசுப்பட்ட காரியமா? குளிர்விப்பான் இல்லாவிட்டால் தொட்டி 30-ஐத் தாண்டிவிடும். சூட்டில் எல்லாருக்கும் கோபம் வரும். பாப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் 2023-இல் கடல் சூடேறியபோது மெலிசா வெர்ஸ்டீக்கும் குழுவினரும் 134 கோமாளி மீன்களை மாதந்தோறும் அளந்தார்கள். பெரும்பாலானவை நீளத்திலேயே சுருங்கியிருந்தன. மெலிவு அல்ல, குட்டையாகவே ஆகிவிட்டன. தம்பதியில் இருவரும் சேர்ந்து சுருங்கியபோது பிழைக்கும் வாய்ப்பு கூடியது. மனைவி சுருங்கும்போது கணவன் நெட்டையாக நின்றால் ஏணி கலைந்துவிடும் அல்லவா.

கடைசியில் பலித்தது இதுதான். மிதக்கும் வலைப்பெட்டி ஒன்று வாங்கி, அதே தொட்டிக்குள் தொங்கவிட்டு, அடித்ததைப் பிடித்து உள்ளே போட்டோம். எல்லாரும் அடிபட்டதைத்தான் பெட்டிக்குள் போட்டுப் பாதுகாப்பார்கள். அது தப்பு. அடிபட்டது உள்ளே இருக்கும்போது அடித்தது மொத்தத் தொட்டியையும் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும். பெரியது ஒரு வாரம் வலைக்குள் இருக்க, சிறியது வெளியே தின்று தெம்பானது. கிழிந்த துடுப்பு வளர்ந்தது. அதற்குள் கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினோம். பெரியது வெளியே வந்தபோது இது யார் வீடு என்றே அதற்குத் தெரியவில்லை. தீனியையும் இரண்டு மூலையில் பிரித்துப் போட்டோம். கிராணி மாமா தினமும் வந்து பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "பெரிய கிராணிய சஸ்பெண்ட் பண்ணுனத என் சர்வீஸ்லயே பார்த்ததில்லடா" என்றார். அந்த வாரம் அவர் மிக மகிழ்ச்சியாக இருந்தார்.

இப்போது இரண்டும் ஒரே மூலையில் தூங்குகின்றன. கடி நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. காலையில் ஒரு கடி, ஒரு நடுக்கம், வருகைப் பதிவு முடிந்தது. முட்டையிடும் காலம் வந்தால் மறுபடி கூடும் என்று மச்சான் எச்சரித்திருக்கிறார். முட்டையைக் காத்து, விசிறி, குஞ்சு பொரியும்வரை காவல் நிற்கும் வேலை பெரும்பாலும் கணவனுடையது. மனைவியின் பங்கு மேற்பார்வை.

என் மகள் இப்போது மூன்றாவதாக ஒன்று கேட்கிறாள். கிடையாது. ஜோடி அமைந்துவிட்ட தொட்டியில் மூன்றாவது மீனுக்கு ஆயுள் குறைவு. ஒக்கினாவாவில் கினா ஹயாஷியின் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மீன்கள் எதிரியின் உடம்பில் உள்ள வெள்ளைப் பட்டைகளை எண்ணிப் பார்ப்பதாகத் தெரிகிறது. தன்னைப் போலவே மூன்று பட்டை உள்ளவனைத்தான் அதிகம் தாக்கின. வேறு இனத்தானிடம் அவ்வளவு கோபம் இல்லை. கோயில் கமிட்டித் தேர்தல் பார்த்த நம்மவர்களுக்கு இதற்கு ஆய்வுக்கூடமே தேவையில்லை.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே அளவில் இரண்டு வாங்காதீர்கள். பெரியது ஒன்று, அதில் பாதி ஒன்று. முதல் நாளே வலைப்பெட்டியும் வாங்கிவிடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் தொட்டியில் இருபது வருடத்துக்கு மேலும் வாழும் மீன் இது. உங்கள் வீட்டுக் கடன் முடியும்போதும் அது கடித்துக்கொண்டிருக்கும். கடையில் பிள்ளை, "இன்னொரு நீமோ" என்று அடம்பிடித்தால், ஜோங்கர் தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரு செண்டோல் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.